நைரோபியிலிருந்து இரண்டு நாள்: நைவாஷா ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஒரு சனி ஞாயிறு

நைரோபிக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், வீட்டில் 10 வயதுப் பையன், 6 வயதுப் பெண், முழங்கால் வலியோடு 68 வயது அம்மா இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் சைவம். சஃபாரி என்று விடியற்காலையிலிருந்து ஜீப்பில் அலைய வேண்டாம், நாட்டுப்புறத்தில் ஒரு சனி ஞாயிறு நிம்மதியாக இருந்துவிட்டு வந்தால் போதும், எங்கே போகலாம், பிள்ளைகளை நம்பி அழைத்துப் போகலாமா என்பது உங்கள் கேள்வி.

நைவாஷா ஏரிக்குப் போங்கள். கென்யாவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து அதிகமாகப் போன இடம் அதுதான், இன்னும் சலிக்கவில்லை. வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குப் போகவே ஐந்து, ஆறு மணி நேரமாகும். இரண்டு நாள் விடுமுறையில் ஒரு நாள் சாலையிலேயே கரைந்துவிடும். அம்போசெலிக்கும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கென்யா மலையடிவாரத்தில் உள்ள நன்யூகி அழகான ஊர்தான், ஆனால் 200 கிலோமீட்டர். மூன்று நாள் விடுமுறை கிடைக்கும்போது அங்கே போகலாம். நைவாஷா 90 கிலோமீட்டர்தான். காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் ஏரிக்கரையில் டீ குடிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைவாஷாவைச் சுற்றிப் பார்க்க ஏகப்பட்டது இருக்கிறது. அதனாலேயே பலர் அங்கே போய்க் களைத்துத் திரும்புகிறார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது சனிக்கிழமை லொங்கோனோட் மலை, மதியம் படகு, ஞாயிறு காலை பள்ளத்தாக்கு, பிறகு வெந்நீர்க் குளம் என்று போட்டிருந்தோம். மூன்றாவது இடத்துக்கு வருவதற்குள் என் மகள் காரிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஞாயிறு இரவு வீடு சேர்ந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: ஒரே இடத்தில் தங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு வேலைதான், அதையும் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மிச்ச நேரம் புல்தரையில்.

இந்த ஒழுங்கை ஏரியே வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் மொழியில் நைபோஷா என்றால் கொந்தளிக்கும் நீர். ஆங்கிலேயர் வாயில் அது நைவாஷா ஆனது. காலையில் கண்ணாடி போலக் கிடக்கும் ஏரியில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் வெள்ளை நுரையோடு அலை அடிக்கும். ஆகவே காலை தண்ணீருக்கு, மதியம் நிழலுக்கு. இருட்டியதும் கரை நீர்யானைகளுக்கு. நீங்களும் அந்தப் போக்கில் போனால் அம்மாவுக்கும் சிரமமில்லை, பிள்ளைகளுக்கும் பொழுது போகும்.

போகும் வழியைப் பற்றி. நைரோபியிலிருந்து இரண்டு சாலைகள் உண்டு. மேல் சாலை லிமுரு, கினுங்கி வழியாக மலை முதுகிலேயே போய் நைவாஷாவில் இறங்கும். கீழ்ச் சாலை மலைச்சரிவில் வளைந்து இறங்கி மாய் மஹியு ஊர் வழியாகப் போகும். கீழ்ச் சாலைக்கு அழகு அதிகம். ஆனால் லாரிகளும் அதில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும், வளைவுகளில் முந்துகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் மேல் சாலையைத்தான் சொல்வேன். நெடும்பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சிமேடைகள் அதிலும் உண்டு. சுமார் 8,000 அடி உயரத்தில் கார் நிறுத்திக் கீழே பார்த்தால் நிலம் சட்டென்று அறுந்து விழுந்தது போலிருக்கும். ஆப்பிரிக்கக் கண்டம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் கோடு அது. எதிரே லொங்கோனோட் எரிமலை, வாய் திறந்த பானை மாதிரி. கம்பளித் தொப்பி, ஆட்டுத்தோல், மாசாய் சிவப்புப் போர்வை விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சிரித்துக்கொண்டே "அசாந்தே, ஹபானா" என்றால், அதாவது நன்றி, வேண்டாம் என்றால், விட்டுவிடுவார்கள். காலையில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும், அம்மாவின் சால்வை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கீழ்ச் சாலையில் என்றாவது போனால், மலை அடிவாரத்தில் சாலையோரமாக உள்ள சின்னஞ்சிறு தேவாலயத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளை வைத்துத்தான் அந்த மலைச்சாலையைப் போட்டார்கள். அவர்கள் 1942இல் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கோயில் அது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் நிற்கலாம். மழைக்காலத்தில் மட்டும் கீழ்ச் சாலை வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் மாய் மஹியு பக்கம் இரவில் மேலிருந்து வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது.

எந்தச் சாலையானாலும் இருட்டியபின் வண்டி ஓட்டாதீர்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளும், விளக்கில்லாத டிராக்டர்களும், தெருவிளக்கே இல்லாத நீண்ட தூரங்களும் உண்டு. டிரைவர் வைத்துக்கொண்டு போனால் அவருக்கும் தங்குமிடமும் சாப்பாடும் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். அவரைக் காரில் படுக்க விடுவது நியாயமில்லை.

தங்கும் இடத்தில்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். விடுதிகள் பெரும்பாலும் ஏரியின் தென்கரையில், மோய் சவுத் லேக் ரோடு என்ற சாலையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. பழைய பெரிய விடுதிகளில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு அறை கிடைக்கும். அதைவிட, சமையலறையோடு கூடிய தனிக் குடில்கள் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அம்மா காலையில் தன் கையால் ஒரு காபி போட்டுக்கொண்டால் அவருக்கு அந்த இடம் சொந்தமாகிவிடும். முன்பதிவு செய்யும்போது படங்களைப் பார்த்து மயங்காமல் நாலு விஷயம் கேளுங்கள். அறை தரைத்தளமா, வாசலில் எத்தனை படி? வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? கூடாரங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா, சனிக்கிழமை இரவு பாட்டுச் சத்தம் உண்டா? எல்லாவற்றையும்விட முக்கியம், ஏரிக்கும் புல்தரைக்கும் நடுவில் மின்வேலி உண்டா?

அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. நைவாஷாவில் பயப்பட வேண்டியது சிங்கத்துக்கு அல்ல, நீர்யானைக்கு. பகலெல்லாம் தண்ணீரில் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். இருட்டியதும் கரையேறி மேயும். விடுதிகளின் பச்சைப்புல் அதற்கு விருந்து. இரவு ஜன்னல் வழியாகப் பார்த்தால் நிலா வெளிச்சத்தில் பெரிய பாறை நகர்வதுபோல் ஒன்று புல்லைப் பறித்துத் தின்றுகொண்டிருக்கும், அந்தச் சத்தமே அறைக்குள் கேட்கும். பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள். ஆனால் அது மனிதனைவிட வேகமாக ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யாராவது நின்றால் சும்மா விடாது. அதனால் சூரியன் இறங்கியபின் வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது. வேலி இல்லாத விடுதியானால், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவும் வரவும் அஸ்காரியைக் கூப்பிடுங்கள். காவலாளிக்கு இங்கே அஸ்காரி என்று பெயர். டார்ச்சோடு வந்து கூட்டிப்போவார், அது அவருடைய வேலைதான், கூச்சப்பட வேண்டாம். பகலிலும் பிள்ளைகள் ஏரியில் காலை நனைக்கக்கூடாது. அது குளிக்கிற ஏரி இல்லை. சின்னவளுக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் வைத்து இதைச் சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

அடுத்தது குரங்கு. பச்சைக்குரங்குகள் என்று சொல்லும் வெர்வெட் குரங்குகள் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்து வாழைப்பழத்தோடு மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அம்மாவின் மருந்துகளைப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். ஏதாவது அவசரம் என்றால் நைவாஷா நகரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விடுதி நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தென்கரைச் சாலை நீளமானது. மலேரியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,884 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நைரோபியைப் போலவே இங்கும் அந்த ஆபத்து குறைவு. கொசு இல்லாமலில்லை, வலையைப் போட்டுக்கொண்டு படுங்கள். மருந்து வேண்டுமா என்பதைக் குழந்தைகளின் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குடிதண்ணீர் விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. நெடும்பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இரண்டு நாளில் ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் வளரும் பல் உள்ள பிள்ளைகள் இருப்பதால் நான் வீட்டிலிருந்தே பெரிய கேனில் குடிநீர் எடுத்துப்போவேன். பிளாஸ்டிக் கைப்பைகளைக் கென்யா 2017 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது, தேசியப் பூங்காக்களுக்குள் 2020 ஜூனிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களும் கூடாது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு எதுவுமில்லை. சப்பாத்தி கென்யாவில் எந்த ஊரிலும் கிடைக்கும். ரயில் பாதை போட 1896 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளர்களும் பின்னால் வந்த வணிகர்களும் விட்டுச்சென்ற பழக்கம் அது. இன்று கல்யாணம், பண்டிகை என்றால் கென்யர்களுக்குச் சப்பாத்தி இல்லாமல் முடியாது. அதோடு தொட்டுக்கொள்ள "ந்தெங்கு" கேளுங்கள், நம் பாசிப்பயறு மசியல்தான். சுகுமா விகி என்பது கீரைப் பொரியல் மாதிரி. கிதேரி, மக்காச்சோளமும் ராஜ்மா வகைப் பயறும் சேர்த்து வேகவைத்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சமைக்கும்போது இறைச்சிச் சாறு ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு என்பதால், "ந்யாமா", அதாவது இறைச்சி, வேண்டாம், "ந்யாமா" சூப்பும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தயிர்சாதம் இல்லாமல் முடியாது என்றால், கடைகளில் "மாலா" என்று பாக்கெட்டில் விற்கும் புளித்த பாலை வாங்குங்கள். கெட்டி மோருக்கும் தயிருக்கும் நடுவில் இருக்கும். நைரோபியின் பார்க்லேண்ட்ஸ் பகுதிக் கடைகளில் கறிவேப்பிலையும் கடுகும் வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு போனால், குடிலின் அடுப்பில் தாளித்துக் கொட்டி முடித்துவிடலாம். என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அப்படித்தான் செய்தார். அந்த வாசனைக்கு விடுதிச் சமையல்காரப் பெண் வந்து எட்டிப்பார்த்து, ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தன் வீட்டுத் தோட்டத்துப் பட்டாணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவை அவள் "ஷோஷோ" என்று கூப்பிட்டாள். கிக்குயு மொழியில் பாட்டி. உங்கள் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சொல்லி வையுங்கள்.

இனி இரண்டு நாளை எப்படிக் கழிப்பது என்று வருகிறேன்.

சனிக்கிழமை காலை போனவுடன் அறை கிடைக்காது, பதினொன்று, பன்னிரண்டு ஆகும். சாமானைக் கொடுத்துவிட்டு நேரே படகுத்துறைக்குப் போங்கள், காற்று கிளம்புவதற்குள் ஒரு மணி நேரம். படகு வாடகை ஆளுக்கு அல்ல, படகுக்கு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை சின்னவள் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் அந்தப் படகு வேண்டாம். ஒருமுறை "இங்கே ஆழமில்லை, சட்டை எதற்கு" என்று ஒரு படகுக்காரர் சொன்னார், நாங்கள் இறங்கி வேறு படகுக்குப் போனோம். அம்மாவுக்காக, மரப்பலகைத் துறை உள்ள இடத்தில் ஏறுங்கள். சேற்றில் இறங்கிக் காலைத் தூக்கிவைத்து ஏற வேண்டிய துறைகளும் இருக்கின்றன.

படகு மெல்ல விலகும்போது முதலில் கண்ணில் படுவது தண்ணீருக்குள் நிற்கும் பட்டுப்போன மரங்கள். 2010க்குப் பிறகு இந்த நெடும்பள்ளத்தாக்கின் ஏரிகள் பலவும் உயர்ந்து வந்திருக்கின்றன. நைவாஷாவிலும் கரையோர மரங்கள் மூழ்கின, தாழ்வான குடியிருப்புகளில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அந்தப் பட்ட கிளைகளில் இப்போது நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கின்றன, கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கின்றன. இலைமேல் நடக்கும் இலைக்கோழியைப் பையனுக்குக் காட்டுங்கள். உச்சிக்கிளையில் வெள்ளைத் தலையோடு மீன்கழுகு உட்கார்ந்திருக்கும். படகுக்காரர் விசில் அடித்து மீனைத் தூக்கிப்போட்டு அதை வரவழைத்துக் காட்டுகிறேன் என்பார். எனக்கு அதில் சம்மதமில்லை. காத்திருந்தால் அது தானாகவே பாயும். நீர்யானைக் கூட்டத்தைக் கண்டால் கிட்டப் போகச் சொல்லாதீர்கள், தூரத்திலிருந்தே அதன் காதுகள் சுழல்வது தெரியும்.

அப்படியே கிரெசென்ட் தீவில் இறங்கலாம். மூழ்கிய ஓர் எரிமலைவாயின் விளிம்புதான் பிறை வடிவில் வெளியே தெரிகிறது. ஏரி வற்றிய காலத்தில் கரையோடு சேர்ந்துவிடும், நிரம்பியிருக்கும்போது தீவு. தனியார் சரணாலயம், நுழைவுக் கட்டணம் உண்டு. சிங்கம், யானை, காட்டெருமை எதுவும் இல்லாததால் அங்கே நடந்துபோகலாம். ஒட்டகச்சிவிங்கியை வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும், நம் காலும் அதன் காலும் ஒரே புல்லில் நிற்பதும் வேறு வேறு. உங்கள் 6 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு உயரமாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். முப்பது, நாற்பது அடி தள்ளியே நில்லுங்கள், அதன் உதை பொல்லாதது. வரிக்குதிரை, மான் வகைகள் எல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும். அம்மா நிழலில் உட்காரட்டும், வழிகாட்டியோடு பிள்ளைகள் அரை மணி நடந்துவிட்டு வரலாம். நீர்மட்டத்தைப் பொறுத்து இறங்கும் இடம் மாறும் என்பதால், ஏற இறங்கச் சிரமமிருக்குமா என்று அன்று காலையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள். விடுதித் தோட்டங்களில் மஞ்சள் பட்டையோடு ஓங்கி நிற்கும் வேல மரங்களைப் பார்ப்பீர்கள். காய்ச்சல் மரம் என்று அவற்றுக்குப் பெயர். பழைய பயணிகள் ஈரநிலத்தில் இந்த மரத்தடியில் தங்கியபோது காய்ச்சல் வந்ததால் மரத்தின் மேல் பழி போட்டார்கள், குற்றவாளி அங்கிருந்த கொசு. அந்த மரங்களில் கறுப்பு வெள்ளை ரோமத்தோடு நீண்ட வால் தொங்கும் கொலோபஸ் குரங்குகள் இருக்கும். அவற்றுக்குக் கட்டைவிரல் கிடையாது. வெர்வெட் போலத் திருடாது, பெரும்பாலும் இலை தின்றுகொண்டு மேலேயே இருக்கும்.

மாலை நாலு மணிக்கு மனம் இருந்தால் எல்சமேர் போகலாம். எல்சா என்ற அனாதைச் சிங்கக்குட்டியை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பிய ஜாய் ஆடம்சன் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். அவர் வரைந்த ஓவியங்கள் சுவரில் இருக்கின்றன. ஏரியைப் பார்த்த புல்தரையில் டீயும் கேக்கும் தருவார்கள். கேக்கில் முட்டை இருக்கும், அம்மாவுக்குத் தேவையானால் கேட்டுக்கொள்ளுங்கள். போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் விடுதியிலேயே ஏரியைப் பார்த்து நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதே வெளிச்சம்தான். பூமத்தியரேகையிலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கிறோம் என்பதால் வருடம் முழுக்க ஆறரை மணி சுமாருக்கே சூரியன் இறங்கும். நம் ஊர் அந்தி போல நீளாது, இருள் சட்டென்று வரும். வந்ததும் குளிரும் வரும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே உட்கார முடியாது. சில விடுதிகளில் இரவு படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள், அம்மாவின் முழங்காலுக்கு அதைவிட இதமானது எதுவுமில்லை.

ஞாயிறு காலை ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. பெயரில் நரக வாசல் இருந்தாலும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பூங்கா கென்யாவில் இல்லை என்பேன், ஏனென்றால் உள்ளே சைக்கிள் ஓட்டலாம். 1984இல் அமைந்தது, 68 சதுர கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சிவந்த பாறைச்சுவர், நடுவில் மண்பாதை, பாதையின் இருபுறமும் வரிக்குதிரைகள். எல்சா வாசலுக்கு அருகில் வாடகைச் சைக்கிள்கள் கிடைக்கும். பிரேக்கை நீங்களே பிடித்துப் பாருங்கள், இருக்கை உயரத்தையும். பையனும் அப்பாவும் சைக்கிளில் போகட்டும், அம்மாவும் சின்னவளும் காரில் பின்னால் வரட்டும். காட்டெருமை தென்பட்டால் சைக்கிளை நிறுத்திக் காருக்குள் ஏறிவிட வேண்டும், அது மட்டும் கண்டிப்பு. வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 25 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கும் ஃபிஷர் கோபுரம் என்ற பாறை வரும். 1883இல் இந்தப் பக்கம் வந்த ஜெர்மானியப் பயணி குஸ்தாவ் ஃபிஷரின் பெயர். மாசாய் மக்கள் சொல்லும் கதை வேறு: கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண் ஒருத்தி, திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற வழக்கத்தை மீறிப் பிறந்த வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், கல்லாகிவிட்டாள். அந்தப் பாறை இடுக்குகளில் பெருச்சாளி அளவில் ஹைராக்ஸ் என்ற பிராணிகள் வெயில் காயும். அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் யானை என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டான்.

பூங்காவின் உள்ளே ஒல் ஞோரோவா என்ற குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறது. தண்ணீர் அறுத்த பாறை இடுக்குகள், வெந்நீர் ஊற்றுகள், மிக அழகு. இந்தத் தடவை அதை விட்டுவிடுங்கள். அம்மாவாலும் சின்னவளாலும் அந்தப் பாறைகளில் இறங்க முடியாது என்பது ஒன்று. இன்னொன்று, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தூரத்து மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக அந்த இடுக்கில் பாயும். 2012 ஏப்ரலில் ஏழு இளைஞர்களும் 2019 செப்டம்பரில் ஏழு பேரும் அப்படி இறந்தார்கள், இரண்டாவது தடவை ஒரு வழிகாட்டியும் சேர்த்து. பையன் பெரியவனானதும், வறண்ட மாதத்தில், பூங்கா வழிகாட்டியோடு, அன்றைக்கு அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுவிட்டுப் போகலாம். யாராவது வெளியாள் "நான் கூட்டிப்போகிறேன், ஒன்றும் ஆகாது" என்றால் கேட்காதீர்கள்.

அதற்குப் பதிலாகக் காரிலேயே ஓல்காரியா பக்கம் போங்கள். பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியைக் குழாயில் பிடித்து 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். வெள்ளிக் குழாய்கள் மலை மேலும் கீழும் வளைந்து ஓடும். சில இடங்களில் வாசல் வளைவு மாதிரி உயர்த்திக் கட்டியிருப்பார்கள், ஒட்டகச்சிவிங்கி குனியாமல் போவதற்காக. உங்கள் நைரோபி வீட்டில் எரியும் விளக்கில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதுதான். பக்கத்திலேயே அந்த நீரில் ஒரு வெந்நீர்க் குளம் கட்டியிருக்கிறார்கள், பால் கலந்த நீல நிறத்தில். திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் வேண்டாம், கரையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பூங்கா வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அரசின் இ-சிட்டிசன் தளத்தில் கைப்பேசிப் பணமான எம்-பெசாவிலோ கார்டிலோ முந்தின இரவே கட்டி, ரசீதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு உள்ளதைவிட மிகக் குறைவு. ஆனால் வசிப்பவர் என்பதற்கு அட்டையைக் காட்ட வேண்டும். நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால், அட்டை இன்னும் கைக்கு வராவிட்டால் பெர்மிட்டோடு பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போய், அது செல்லுமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சாலையின் இருபுறமும் மைல் கணக்கில் வெள்ளைக் கூடாரங்களைப் பார்த்துப் பையன் கேட்பான். அதெல்லாம் ரோஜா. ஐரோப்பாவின் கடைகளில் விற்கும் ரோஜாவில் கணிசமான பங்கு இந்தக் கரையில் வெட்டியது. மாலையில் வேலை முடிந்து சாரி சாரியாக நடந்து போகிறவர்கள் அந்தத் தோட்டங்களின் தொழிலாளர்கள். பறவைகளுக்காக 1995இல் ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் முக்கிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே ஏரியிலிருந்துதான் ரோஜாவுக்கும் தண்ணீர். ஊருக்கும், மீனவர்களுக்கும், மாசாய்களின் மாடுகளுக்கும் அதே தண்ணீர். இந்த ஏரியை நேசிப்பவன் என்பதால், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்போது போவது? ஏப்ரல், மே மழையைத் தவிர்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அல்லது ஜனவரி, பிப்ரவரி நல்லது. உலக சாம்பியன்ஷிப் கார் பந்தயமான சஃபாரி ராலி 2021 முதல் நைவாஷாவில்தான் நடக்கிறது. முதலில் ஜூனில் நடந்தது, 2024 முதல் மார்ச்சுக்கு மாறியது. அந்த வாரம் அறை விலை எகிறும், இரவெல்லாம் ஊரே விழித்திருக்கும். தேதியைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு திரும்புவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நாலு மணிக்குக் கிளம்பினால் நக்குருவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் அத்தனை வண்டிகளோடும் லிமுரு ஏற்றத்தில் இருட்டில் நிற்பீர்கள். பதினொரு மணிக்குப் பூங்காவிலிருந்து வெளியே வந்து, மதியச் சாப்பாட்டை முடித்து, ஒன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். கினுங்கியைத் தாண்டும்போது சாலையோரத்தில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பருவத்தில் பிளம்ஸ் எல்லாம் வாளி வாளியாக வைத்திருப்பார்கள். வண்டியைத் தாரைவிட்டு முழுக்கக் கீழே இறக்கி நிறுத்தி வாங்குங்கள், பிள்ளைகளைச் சாலைப் பக்கத்துக் கதவு வழியாக இறங்கவிடாதீர்கள். அம்மாவையே பேரம் பேச விடுங்கள். மொழி தேவைப்படாது, விரலும் தலையாட்டலும் போதும்.